மயிலேறிய துப்பாக்கி

டீ வருவதற்குள் அரங்கசாமி பேக்கரித் தராசில் மூன்று பொருள்களை வைத்து எடுத்துவிட்டார்: தன் வண்டிச் சாவி, பக்கத்தில் நின்றவரின் கண்ணாடிக் கூடு, ஒரு தேங்காய் பன். நான்காவதாகச் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது கல்லாவில் இருந்த ராமுலு பாய்ந்து தட்டை மறைத்தார்.

"ஏனுங்ணா, திங்கற பண்டம் வெக்கற தட்டுங்ணா அது!"

"சும்மா ஒரு ரோசனைங்க. இந்தச் செருப்பு நாலு முட்டை வருமுங்களா, அஞ்சு வருமுங்களா?"

அரங்கசாமிக்கு எடை என்றால் கோழிமுட்டைக் கணக்கு. தராசு கிராமில் காட்டும். அவர் மனத்துக்குள் அதை முட்டையாக மாற்றிக்கொள்வார். கண்ணாடிக் கூடு ஒரு முட்டை. சாவி அரை முட்டை. கல்யாணப் பத்திரிகை கனமாக வந்தால், "ரெண்டு முட்டைப் பத்திரிகைங்க, பெரிய எடம்" என்று மாப்பிள்ளை வீட்டாரை அதிலேயே நிறுத்துப் பார்த்துவிடுவார்.

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே ஒடியும் சந்தில் அவருடைய பட்டறை இருக்கிறது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சொந்த ஊர் காரமடை. அங்குள்ள அரங்கநாதர் கோயில் தேர் நோம்பிக்கு முந்தின நாள் பிறந்ததால் பெயருக்கு வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. கிரைண்டருக்குக் குமிழ், பம்புசெட்டுக்குத் திருகுப்பிடி, ஆஸ்பத்திரிக் கட்டிலை ஏற்றி இறக்கும் சுழல்பிடி என்று மனிதர் கை படுகிற எந்தப் பாகமானாலும் செய்து தருவார். சில வருடங்களாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. போட்டிகளில் பத்து மீட்டர் தூரத்துக் காகித இலக்கைச் சுடும் காற்றுக் கைத்துப்பாக்கிக்குப் பிடியும் மேல்வேலையும். குழலையும் காற்று உருளையையும் உரிமம் வைத்திருக்கும் ஒரு சிறிய கம்பெனி செய்து அனுப்புகிறது. விரல் படுகிற இடமும் கண் படுகிற இடமும் அரங்கசாமியுடையவை.

அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஊரில் குறைவு. சாப்பாடு நின்றுகொண்டு, பேச்சு நடந்துகொண்டு. கால்சட்டைப் பையில் திருகு முடுக்கும் ஆலன் சாவிகள் ஓயாமல் கிலுகிலுக்கும். ஆள் சந்து திரும்பும் முன்பே சத்தம் திரும்பிவிடும். சொந்தபந்தம், ஒறம்பரை என்று யார் வீட்டுக்குப் போனாலும் காபி ஆறுவதற்குள் அந்த வீட்டுப் பீரோவின் தளர்ந்த பிடியை இறுக்கியிருப்பார். ஒருமுறை துக்க வீட்டில் குளிர்பெட்டியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வளைவு தப்புங்க. தூக்கறவங்களுக்கு மணிக்கட்டு போயிருமுங்க" என்று பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவரிடம் சொல்லிவிட்டார். அதற்காக அவர் மனைவி செல்வநாயகி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுதளத்தில் அவரைச் சுட விடமாட்டார்கள். அசையாமல் நிற்பவர்களுக்குப் பிடி செய்கிற மனிதருக்கு அசையாமல் நிற்க வராது. கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் இலக்கைப் பார்ப்பதற்குப் பதில் திருப்பித் திருப்பித் திருகுகளைப் பார்ப்பார். குழல் திரும்புகிற பக்கமெல்லாம் ஆட்கள் விலகி ஓடுவார்கள்.

ஆனால் பிடி பொருத்துகிற அந்தச் சற்று நேரம் மட்டும் அவர் வேறு ஆள். கையளவை ராமுலுவின் பேக்கரியில் வாங்கிய மைதா மாவு உருண்டையில் எடுப்பார். "அழுத்துங்க, பயப்படாதீங்க, பரோட்டாவாக்கீற மாட்டேனுங்க." மாவு சுருங்குவதற்கு முன் பட்டறைக்கு ஓடி, அந்தப் பள்ளங்களைத் தேக்குக் கட்டையில் இறக்குவார். பிடி தயாரானதும் வந்தவரின் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை அவரே மடக்கிவிடுவார். "சுண்டு வெரல் மொதல்லங்க. அப்பறம் மோதர வெரலு. கடைசியாத்தானுங்க ஆள்காட்டி, அது விருந்தாளி, அதுக்குச் சோலி வேற." ஒவ்வொரு விரலையும் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்துவார். பிறகு கண்ணை மூடச் சொல்வார். மூடியபடி கையை நீட்டி, இலக்கு எங்கே இருக்கிறதென்று தோன்றுகிறதோ அங்கே நிறுத்தி, கண்ணைத் திறக்க வேண்டும். குழல் நுனியில் இருக்கும் முள், பின்னால் இருக்கும் காடியின் நட்டநடுவில் தானாக வந்து நின்றிருந்தால் பிடி சரி. கொஞ்சம் விலகியிருந்தாலும் கழற்றி வாங்கிக்கொள்வார். "கைய வளைக்கக் கூடாதுங்க, கட்டையத்தான் வளைக்கோணும்."

துப்பாக்கியில் இருக்கிற எதையும் அவர் இரண்டே சாதியாகப் பிரிப்பார்: கைக்கு, ஊருக்கு. மரத்தில் ஊசியால் குத்திய சொரசொரப்பு கைக்கு, வேர்வையில் வழுக்காது. விசையை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்க முடிவது கைக்கு. குட்டை விரலுக்கும் எட்டும். பொன் முலாம் பூசிய விசை ஊருக்கு. எலும்புக்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வெட்டிய உடல் முக்கால்வாசி ஊருக்கு. டார்ச் விளக்கு மாட்டும் தண்டவாளம் குழலுக்கு அடியில் ஓடுகிற படங்களைக் கைபேசியில் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு அடங்காது. "ஏனுங்க, டியூப்லைட்டுக்குக் கீழ தொங்கற காயிதத்த டார்ச் அடிச்சுத் தேடோணுமுங்களா?"

இப்படிப் பேசுகிற மனிதரின் கையிலிருந்துதான் அந்தத் துப்பாக்கி வந்தது.

அது எப்படி வந்தது என்பதற்கு அவர் வளர்ந்த வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் 'இல்லை' என்ற சொல் புழங்கியதில்லை. உப்பு தீர்ந்தால் "உப்பு நெறஞ்சிருக்கு" என்பார்கள். புறப்படுகிறவர் "வாரேன்" என்பார். பிச்சை கேட்டு வந்தவரிடம்கூட "அடுத்த ஊட்டுல பாருங்க சாமி" என்பதோடு சரி. ஊரில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் அதைச் சமையலறையோடு விட்டுவிட்டார்கள். அரங்கசாமி அதைப் பட்டறைக்கும் கொண்டுவந்துவிட்டார். வாசலில் படுத்திருக்கும் நாயிடம் "சித்த தள்ளிப் படுங்க சாமி" என்கிற வாய், கேட்டு வந்த மனிதரிடம் "முடியாது" என்று எப்படிச் சொல்லும்? எதைக் கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "அதுக்கென்னங்க, செஞ்சுபோடலாமுங்க."

முதலில் கேட்டவர் கயல்விழி. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. முப்பது வயதைத் தொட்டுவிட்டவர். வாய்க்கால் பாசன வயலில் நாற்று நட்ட குடும்பம். கையும் அந்தக் குடும்பத்துக் கை: அகலம், உறுதி, விரல் மட்டும் குட்டை. ஞாயிற்றுக்கிழமைதோறும் புளியம்பட்டி, அன்னூர் வழியாகப் பேருந்து மாறி மாறி வந்து சுடுவார். சுடுதளத்தில் அவருக்குக் கிடைத்தது, யாரோ ஓர் ஆஜானுபாகுவின் உள்ளங்கைக்குச் செதுக்கிய பழைய துப்பாக்கி. போட்டியின் முதல் பாதி முழுக்க இலக்கின் நடுப்பொட்டில் அடிப்பார். கடைசிப் பத்துக் குண்டுக்கு மணிக்கட்டு இறங்கிவிடும். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் மாநிலப் போட்டியில் தகுதிப் புள்ளியை மயிரிழையில் விட்டார்.

"அண்ணா, எனக்கு ஒண்ணும் பெருசா வேண்டாமுங்ணா. எடை கம்மியா, என்ற கைக்கு ஒண்ணு. அவ்வளவுதானுங்."

"அதுக்கென்னங்க அம்மணி, செஞ்சுபோடலாமுங்க."

அந்தச் சொல்லை நம்பி அவர் பழைய துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சங்கத்துச் செயலாளர் அதை மறுநாளே ஈரோட்டுக் கல்லூரிப் பையன்களுக்கு அனுப்பிவிட்டார். இனி சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டியில் கயல்விழி சுட வேண்டுமானால் அரங்கசாமியின் துப்பாக்கியில்தான் சுட வேண்டும்.

முதல் வடிவம் நன்றாகத்தான் இருந்தது. வெட்டிய தேக்குப் பிடி, நகரும் விசை, மங்கல் கறுப்பு முள். செல்வநாயகி தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தபடியே மரத்தில் சொரசொரப்புக் குத்தி முடித்து, ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "ஊதுவத்தி ஸ்டாண்டாட்ட லேசா இருக்குதுங்க" என்றார். அது பாராட்டு.

பிறகு சங்கத் தலைவர் திருமூர்த்தி வந்தார். நூல் மில் முதலாளி. சுடுதளமே அவருடைய பழைய பஞ்சு கொடௌனில்தான் நடக்கிறது. கூரைத் தகட்டில் இன்றும் மில்லின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. கெட்ட மனிதரில்லை. கயல்விழியின் பயணத்துக்கு ஏற்பாடு செய்ததும் அவர்தான். அவர் கேட்டது ஒரே ஒரு மயில். பித்தளையில், தோகை விரித்து, அடியில் மில் பெயரோடு, துப்பாக்கியின் இடது பக்கத்தில்.

"மருதமலையான் வாகனம்ப்பா அரங்கா. நம்ம ஊர்த் துப்பாக்கின்னு சென்னைக்காரனுக்குத் தெரியோணுமல்லோ?"

"அதுக்கென்னங்ணா, செஞ்சுபோடலாமுங்க."

வார்த்த மயிலைப் பேக்கரித் தராசில் வைத்தார். மூன்று முட்டை. மூன்று முட்டையில் என்ன வந்துவிடும்?

அடுத்து திருமூர்த்தியின் மகன் சபரீஷ். இருபது வயதுப் பையன். உலகத்துத் துப்பாக்கி விமர்சனக் காணொளிகளெல்லாம் அவன் விரல் நுனியில். அவனுக்கு டார்ச் தண்டவாளம் வேண்டும், சுட்ட குண்டை எண்ணிக் காட்டும் சிவப்பு எண் விளக்கும் வேண்டும். "அங்கிள், பாக்கவே மிரட்டலா இருக்கும். டார்ச்சு மாட்ட வேண்டாம், ரெயில் மட்டும் இருந்தாப் போதும்." டார்ச்சே மாட்டாத தண்டவாளம். அரங்கசாமி சிரிக்கவில்லை. செஞ்சுபோடலாமுங்க. இரண்டு முட்டை, மேலே ஒன்றரை.

சங்கத்தில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் உண்டு. அவர் பிடியின் அடியில் கயிறு மாட்டுகிற வளையம் கேட்டார். ஓடும் ஜீப்பில் ரிவால்வர் கீழே விழாமல் இருக்க அந்தக் காலத்தில் அது தேவைப்பட்டதாம். "சென்னை போட்டியில டீச்சர் ஜீப்புல தொங்கீட்டா சுடப் போறாங்க?" என்று செல்வநாயகி கேட்டார். வளையமும் ஏறியது. அரை முட்டை.

கடைசியாக ஏறியது யாரும் கேட்காதது. தீபாவளி விடுமுறையில் பட்டறையைச் சாத்திக்கொண்டு அரங்கசாமி தானே செய்தது: பிடிக்கும் உடலுக்கும் நடுவில் பல் வெட்டிய சின்னச் சக்கரம். திருகினால் 'டிக், டிக்' என்று பிடி எந்தக் கோணத்துக்கும் சாயும். எஃகை இழைத்து இழைத்து முகம் பார்க்கிற மாதிரி செய்திருந்தார். ஒரே ஒருவரின் கைக்காக வெட்டிய பிடி எதற்குச் சாய வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட அதைப் பையிலிருந்து எடுத்து 'டிக், டிக்' என்று திருகிக்கொண்டிருப்பார்.

"ஏனுங்க, அவ கேட்டது லேசா ஒண்ணு," என்றார் செல்வநாயகி. "நீங்க செய்யறது சீர்வரிசைத் தட்டாட்ட இருக்குது. ஒருத்தர்கிட்டயாவது மாட்டேன்னு சொன்னா வாய் வெந்துபோயிருமுங்களா?"

"ஒவ்வொண்ணும் ஒரு முட்டை, ரெண்டு முட்டைதான் புள்ள."

"முட்டை முட்டையாச் சேத்தித்தானுங்க கோழிப்பண்ணை."

அவர் வேகுவேகென்று வெளியே போய்விட்டார். சாவிச் சத்தம் சந்து முனைவரை கேட்டது.

பெரிய தவறு எங்கே நடந்ததென்றால், அவர் எல்லாவற்றையும் தனித்தனியாகவே நிறுத்தார். துப்பாக்கியை முழுசாகப் பூட்டி ராமுலுவின் தராசில் வைக்க முடியாது. பன் தின்ன வந்தவர்கள் சிதறி ஓடுவார்கள். போட்டியில் துப்பாக்கியை நிறுப்பார்கள், ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு பெட்டிக்குள்ளும் வைத்துப் பார்ப்பார்கள். நீளம் முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் ஒரு சாண், ஆழம் மூன்று விரல். அதற்குள் படுக்காத துப்பாக்கி சுடுதளத்துக்குள் நுழையாது. சுடுதளத்தில் இருக்கும் சோதனைப் பெட்டியைச் செய்ததே அரங்கசாமிதான். எத்தனையோ பேரின் துப்பாக்கியை அதில் படுக்க வைத்துத் தலையாட்டியவர். தன்னுடையதை அவர் அதில் வைக்கவில்லை. பூட்டி முடிக்கவே அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. சாயங்கால ரயிலில் கயல்விழி சென்னை போக வேண்டும்.

கொடௌனில் அன்று சின்ன விழா மாதிரி. திருமூர்த்தி வெள்ளை வேட்டியில், கையில் சால்வையோடு. சபரீஷ் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு. இன்ஸ்பெக்டர் மைசூர்பாகு டப்பாவைத் திறந்துகொண்டு. கயல்விழி பேருந்தில் கசங்கிய சுடிதாரோடு, தோளில் பயணப் பை.

அரங்கசாமி துப்பாக்கியை அவர் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். கயல்விழி கண்ணை மூடினார். கை உயர்ந்தது. உயர்ந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு கிணற்றில் வாளி இறங்குவதுபோல மெல்லக் கீழே இறங்கியது. கண்ணைத் திறந்தார். முள் காடிக்குள் இல்லை. எங்கோ கீழே கிடந்தது. இடது ஓரத்தில் பித்தளைத் தோகை பளீரென்று அடித்ததில் கண்ணைச் சுருக்கினார்.

"எப்பிடிங்க அம்மணி?"

"நல்லாத்தானுங்ணா இருக்குது."

அவரும் அதே மண். அவருக்கும் 'இல்லை' என்ற சொல் வரவில்லை. கட்டைவிரலால் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "ஒருக்கா பெட்டில வெச்சுப் பாத்தறலாமுங்ளா?" என்றார்.

வைத்தார்கள். மூடி மூடவில்லை. அரங்கசாமி திருப்பி வைத்தார்; சாய்த்து வைத்தார். முன்னால் தண்டவாளம் இடித்தது. கீழே வளையம் முட்டியது. மேலே மயில் நிமிர்ந்து நின்றது. தராசில் வைத்தார்கள். ஒன்றரைக் கிலோவைத் தாண்டித் தராசு முள் போய்க்கொண்டே இருந்தது.

மைசூர்பாகு தின்னும் சத்தம் நின்றது.

"என்னப்பா அரங்கா, பொட்டி சின்னதாப் போச்சாட்ட இருக்குது?" என்றார் திருமூர்த்தி. "பெருசா ஒண்ணு செஞ்சுபோடு."

"சென்னைல அவங்க பொட்டி இருக்குமுங்க சார்," என்றார் கயல்விழி மெதுவாக.

அப்போதுதான் கவனித்தார்கள்: சாவிச் சத்தம் நின்றிருந்தது. அரங்கசாமி உட்கார்ந்திருந்தார். சுடுமேடைக்குக் கீழே, வெறும் சிமெண்டுத் தரையில், காலை மடக்கி, மடியில் துப்பாக்கியோடு. நெற்றியில் வேர்வை துளிர்த்து மூக்கு நுனிக்கு வந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. பையிலிருந்து மெல்லிய சாவியை எடுத்தார்.

முதலில் கழன்றது அவருடைய சக்கரம்தான். கழற்றும்போது ஒரே ஒரு தரம் அது 'டிக்' என்றது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு சாதாரணத் திருகை முடுக்கினார். அடுத்து வளையம், அதை இன்ஸ்பெக்டரின் மைசூர்பாகு டப்பா மூடியில் வைத்தார். அவர் மூடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். தண்டவாளத்தில் சாவி நுழைந்தபோது சபரீஷ் படமெடுப்பதை நிறுத்தினான்.

"அங்கிள், அது இருந்தாத்தான் லுக்கே..."

"செஞ்சுபோடலாமுங்க தம்பி," என்றபடி அரங்கசாமி தண்டவாளத்தை உருவினார். சிவப்பு எண் விளக்கு கம்பியோடு வந்தது.

மறுபடி நிறுத்தார்கள். எடை கட்டுக்குள் வந்துவிட்டது. கயல்விழியின் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம். பெட்டியில் படுக்க வைத்தார்கள். நீளம் சரி, அகலம் சரி. மூடி மட்டும் ஒரு விரல்கடை திறந்து நின்றது. மயிலின் தோகை.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். மேலே கூரைத் தகட்டில் மில்லின் பெயர் இருந்தது.

திருமூர்த்தி தொண்டையைச் செருமினார். "அரங்கா. மத்ததெல்லாம் செரி. மயில மட்டும் வுட்ரு. சாமி காரியம், மாட்டுனதக் கழட்டுனா அபசகுனம். பேப்பர்காரங்க வேற வாராங்க. கட்டைய எங்காச்சும் இழைச்சுப் பாரு."

இழைக்க இடமிருந்தது பிடியில்தான். கயல்விழியின் உள்ளங்கைக்கு இறக்கிய அந்தப் பள்ளத்தில். அதை இழைத்தால் துப்பாக்கி இன்னும் தாழப் படுத்து, மயில் பெட்டிக்கு உள்ளே போகும். கை வெளியே வந்துவிடும். அரங்கசாமியின் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. வாய் திறந்தது, மூடிக்கொண்டது. 'இல்லை' என்ற அந்த மூன்று எழுத்து மட்டும் வெளியே வரவில்லை.

கயல்விழி பயணப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "பரவால்லீங்ணா. நேரமாச்சு. அடுத்த வருசம் பாத்துக்கலாமுங். நான் பஸ்ஸுக்கு வாரேனுங்."

கோபி பேருந்துக்கு, ரயிலுக்கு அல்ல. அது அரங்கசாமிக்குப் புரிந்தது. 'வாரேன்' என்று சொல்லிப் போகிறவர் திரும்பி வருவதற்கில்லை என்பதும்.

"சித்த நில்லுங்க அம்மணி."

எழுந்தார். துப்பாக்கியை இடது கையில் ஏந்திக்கொண்டு நேராகத் திருமூர்த்திக்கு முன்னால் போய் நின்றார்.

"மயில வுட்றலாமல்லோ அரங்கா?"

"ஆகட்டுங்ணா," என்றார் அரங்கசாமி. சாவி முதல் திருகில் நுழைந்தது.

"பேரு மட்டுமாச்சும் இருக்கட்டும்."

"அதுக்கென்னங்ணா." இரண்டாவது திருகு.

"சொல்லறது காதுல ஏறுதா உனக்கு?"

"ஏறுதுங்ணா, ஏறுதுங்ணா." மூன்றாவது திருகு கொஞ்சம் முரண்டு பிடித்தது. துப்பாக்கியை விலாவோடு அணைத்து, பல்லைக் கடித்து, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பித்தளை பிரிந்து உள்ளங்கையில் விழுந்தது.

துப்பாக்கியைக் கயல்விழி பக்கம் நீட்டினார். அவர் அதை வாங்கிப் பெட்டியில் படுக்க வைத்தார். மூடி தானாக இறங்கி, 'டப்' என்று மூடிக்கொண்டது.

திருமூர்த்தியின் வலது கை சால்வைக்கு அடியில் இருந்தது. அரங்கசாமி அதைப் பிடித்து வெளியே எடுத்தார். உள்ளங்கையை விரித்து மயிலை அதில் வைத்தார். மூன்று திருகுகளையும் பக்கத்தில் வைத்தார். பிறகு, மைதா மாவில் அளவெடுத்த ஒவ்வொரு கைக்கும் செய்வதுபோல, அவசரமில்லாமல், அந்தப் பெரிய கையின் விரல்களை மயிலின் மேல் மடக்கத் தொடங்கினார், சுண்டுவிரல் முதலாக.